விளக்கேற்றும் திருக்கரங்களுக்கு ஒரு வாழ்த்துமடல்

கலைமகளின் கருணை முழுதும் திரண்டு நான்கு மாடிக் கட்டடமாகி நெடுஞ்சாலை ஓரத்தில் எழுந்தருளியிருக்கும் அந்தச் செவிலியர் கல்லூரியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் பெயர் சொல்லிப் போற்றினால், அதே பெருமைகள் அத்தனையும் குறைவற வாய்க்கப்பெற்ற மற்றக் கல்லூரிகள் மனம் வருந்தும். 1871-லேயே சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியைத் தொடங்கிய மண் இது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழுத்த அந்த மரபு, படிப்பில் தடுமாறும் ஒரு பெண்ணை எப்படி நடத்த வேண்டும் என்பதில் அடைந்திருக்கும் முதிர்ச்சியைக் காண விரும்புவோர் இக்கல்லூரியின் படியை மிதித்தால் போதும். அங்கே அவளை யாரும் தொந்தரவு செய்வதில்லை. அவள் தன்னந்தனியாகத் தடுமாறுவதற்கு வேண்டிய அமைதியும் அவகாசமும் நான்கு ஆண்டுகளுக்குக் குறைவில்லாமல் அருளப்படுகின்றன.

சேர்க்கை நாளன்று தாளாளர் ஐயா அவர்களின் திருவாய் மலர்ந்தருளும் அமுதத்தைப் பருகியவர்கள் பாக்கியசாலிகள். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து முதல் தவணை கட்டிவிட்டு, ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு நிற்கும் தாயைப் பார்த்து, "கவலைப்படாதீங்கம்மா, உங்க பொண்ணு இனிமே எங்க பொண்ணு" என்கிறார் ஐயா. அந்தச் சொல்லை அவர் இம்மியும் பிசகாமல் காப்பாற்றுகிறார். சொந்தப் பெண்ணிடம் யாராவது தினமும் போய், "பாடம் புரியுதா, சாப்பிட்டியா, ராத்திரி தூங்குனியா" என்று கேட்டுக்கொண்டா இருப்பார்கள்? அதற்குப் பிறகு ஐயா அவளைக் காண்பது, கட்டணம் பாக்கி வைத்தவர்கள் பட்டியலில் மட்டுமே. அப்போதும் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார். அன்புக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில், அரசுப் பள்ளியில், மரத்தடியிலும் மாடி வராந்தாவிலும் படித்து வந்த பெண் அவள். முதல் பருவத்திலேயே உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் பவுண்டேஷன் என்று ஐந்து பாடங்கள் ஆங்கிலத்தில் அவள் தலைமேல் வந்து இறங்குகின்றன. அந்த ஐந்தையும் படிக்க வேண்டிய ஆங்கிலமும் ஆறாவதாக, அதே பருவத்தில், அதே அவசரத்தில் கற்றுத்தரப்படுகிறது. இதற்கென ஒரு மாத முன்பயிற்சி வைக்கலாம், கலைச்சொற்களுக்குத் தமிழில் ஒரு கையேடு தரலாம் என்றெல்லாம் கீழ்மக்கள் யோசிக்கக்கூடும். பேராசிரியப் பெருமாட்டிகள் அந்தச் சிறுமைக்கு இடம் கொடார். திரையில் பவர்பாயின்ட் விரிகிறது. அம்மையார் அதைத் தெளிவான குரலில் வாசிக்கிறார். அடுத்த பக்கம் விரிகிறது. அதையும் வாசிக்கிறார். எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோலவே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் ஒப்பிக்கும் இந்த நெறி வேதம் ஓதுவோருக்கும் அரிது. எப்போதாவது ஒரு பெண் துணிந்து எழுந்து சந்தேகம் கேட்டுவிட்டால், கேள்விக்கு விடை சொல்லி அவள் சிந்தனையை மழுங்கடிக்கும் பாவத்தை அம்மையார் செய்வதில்லை. "இது கூடத் தெரியாம ப்ளஸ் டூல என்ன படிச்ச?" என்று கேள்வியையே விடையாகத் திருப்பி அருள்கிறார். அந்த வகுப்பில் அதன்பின் யாருக்கும் சந்தேகமே எழுவதில்லை. ஒரே வாக்கியத்தால் அறுபது பேரின் ஐயங்களைத் தீர்த்த ஆசிரியரை வேறெங்கே காணமுடியும்?

வழிகாட்டுவோர் இல்லை என்று யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. இருக்கிறார்கள், பதிவேட்டில் இருக்கிறார்கள். பத்து மாணவியருக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. அதன்படி மென்ட்டார் இன்னார், மென்ட்டி இன்னார் என்று நீல அட்டை போட்ட பதிவேடு ஒன்று முதல்வர் அம்மையாரின் பீரோவில் பட்டுத்துணி சுற்றாத குறையாகப் பாதுகாக்கப்படுகிறது. அதன் ஒரு பக்கத்தைக் கண்டவர்கள் கண் படைத்த பயனைப் பெற்றவர்கள். தேதி, மாணவி சொன்ன பிரச்சினை, அளித்த ஆலோசனை, கையொப்பம் என்று நான்கு கட்டங்கள். பிரச்சினை என்ற கட்டத்தில் ஜூலையில் 'இல்லை', ஆகஸ்டில் 'இல்லை', செப்டம்பரில் 'இல்லை'. ஆலோசனை என்ற கட்டத்தில் மூன்று மாதமும் 'நன்றாகப் படிக்கவும்'. பிரச்சினையே இல்லாதவளுக்கும் மாதந்தோறும் ஆலோசனை தவறாமல் வழங்கும் வள்ளன்மையைப் பாருங்கள்! மூன்று மாதத்துக்கும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின நாள் மாலை, மாணவியர் மாடிப்படியில் வரிசையாக நின்று கையெழுத்துப் போடுகிறார்கள். தனக்கு மென்ட்டார் யார் என்பதை ஒரு பெண் அறிந்துகொள்வதே அந்தப் படிக்கட்டில்தான். வலக்கை செய்யும் உதவி இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இங்கே உதவி பெற்றவளுக்கே அது தெரியாதபடி காத்த அடக்கம் வரலாற்றில் பொறிக்கத் தக்கது.

இந்தச் செம்மையோடு ஒப்பிடும்போது, மே 12 தோறும் மாலை போட்டு வணங்கப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் போதாமைகள் வெட்டவெளிச்சமாகின்றன. 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கக் காரணமானவர் அவர். அங்கே பயிலும் பெண்களுக்குப் பாடம் ஒழுங்காக நடக்கவில்லை என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அறிந்தபோது என்ன செய்திருக்க வேண்டும்? பெற்றோரை வரவழைத்துப் பெண்களின் சோம்பலை எடுத்துரைத்திருக்க வேண்டும். அவரோ பாடம் நடத்தாதவரிடம் குறை கண்டார். விடுதியில் அந்தப் பெண்களோடு தங்கி, கேட்ட பாடத்தை மறுபடி சொல்லிக்கொடுத்து, சோர்ந்தவளைத் தேற்றுவதற்கென்றே 'ஹோம் சிஸ்டர்' என்று ஒருவரை அமர்த்த வைத்தார். நோயாளியாகப் படுக்கையில் கிடந்தபடியே பயிற்சிப் பெண்களை ஒவ்வொருவராகத் தம் வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, அவர்கள் வாயிலிருந்தே குறை நிறைகளைக் கேட்டுக் குறித்து வைத்தார். 1872 முதல் பல ஆண்டுகள் அவர்களுக்கென்று நீண்ட கடிதங்கள் எழுதினார். தலைமை என்பதன் இலக்கணமே அறியாத எளிய நடத்தை. அவருடைய படத்துக்கு மட்டும் மாலை போட்டு, பழக்கவழக்கங்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த இக்கல்லூரியின் பகுத்தறிவை எத்தனை பாராட்டினாலும் தகும்.

அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் வெளியிட்ட நூலில் இன்னொரு குழப்பம் விளைத்தார். ஒரு செவிலி புதியவளாகத் தொடங்கி, முன்னேறிய தொடக்க நிலையாளராகி, தகுதி பெற்று, தேர்ச்சி பெற்று, ஐந்தாவது படியில்தான் வல்லுநர் ஆகிறாள். ஒவ்வொரு படியிலும் அவளுக்கு வேறு வேறு விதமான துணை வேண்டும் என்றார். எம் பெருமாட்டிகள் முதல் நான்கு படிகளையும் இடித்துவிட்டார்கள். இரண்டாம் மாதமே வார்டில் நிறுத்தி ஐந்தாம் படியில் ஏறச் சொல்கிறார்கள். ஏறாதவள் மந்தம். ஐந்து படிகளில் நான்கை மிச்சப்படுத்திய இந்தச் சிக்கனத்தை பென்னர் அம்மையார் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

செய்முறைக் கூடம் என்னும் திவ்ய தேசத்தைத் தரிசிக்காமல் யாரும் மலையிறங்கக் கூடாது. அதியமானிடமிருந்து தூது சென்ற ஔவையார், நெய் பூசி, பீலி சூட்டி, காம்பு திருத்தித் தொண்டைமான் அடுக்கி வைத்திருந்த படைக்கலங்களைக் கண்டு மனம் பறிகொடுத்தாரே, அவருக்கு இந்தக் கூடத்தைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. ஊசி போடப் பழகுவதற்கான ரப்பர் கை, உறை கூடக் கழற்றப்படாமல் பிறந்த மேனிக்குப் பளபளக்கிறது. பிரசவ பொம்மையின் வயிற்றில் குழந்தை இன்றளவும் நிம்மதியாக உறங்குகிறது. இதய மசாஜ் பழகும் உருவத்தின் மார்பு ஒரு விரல் அழுத்தத்தையும் அறியாத கன்னிமை காக்கிறது. சாவி லேப் பொறுப்பாளரிடம், அவரோ எப்போதும் விடுப்பில். "கையில நரம்பு பிடிக்க வரல மேம், இன்னொரு தரம் பொம்மையில போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்ட பெண்ணுக்கு, "உடைச்சா யார் காசு கட்டுவா?" என்ற ஞானம் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து அவள் உயிருள்ள ஒருவரின் கையில் பழகினாள். அந்தக் கைக்கு விலைச்சீட்டு இல்லை.

இனி வார்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் ஆண்கள் மருத்துவப் பிரிவில், காலை எட்டு மணிக்கு, கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் அம்மையார் உலா வருகிறார். கட்டிய கொண்டையை விட இறுக்கமான முகம். ஒரு கட்டிலின் முன் நின்று, முதலாண்டுப் பெண்ணிடம் கேட்கிறார்: அரை லிட்டர் சலைன், நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், செட்டில் மில்லிக்கு இருபது சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை? பெண்ணுக்குக் கணக்கு தெரியும். ஆனால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. காலை ஆறரைக்கே பஸ் ஏற்றிவிட்டதால் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. "இது கூடத் தெரியாம எதுக்கும்மா இந்தக் கோட்டு? உன் கையில ஒரு உயிரைக் கொடுத்தா என்ன ஆகும்?" என்று அம்மையார் இருபுறக் கட்டில்களுக்கும் கேட்கும்படி முழங்குகிறார்.

ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய் மெல்லச் சொல்லியிருந்தால் அந்தப் பாடம் ஒருத்தியோடு போயிருக்கும். சபையறியச் சொன்னதால் அது ஊருக்கே பொதுவாயிற்று. கட்டிலில் இருந்த சர்க்கரைப் புண் தாத்தா நன்றாகக் கற்றுக்கொண்டார். மறுநாள் அவள் டிரெஸ்ஸிங் டிரேயோடு போய் நின்றபோது, "நீ வேணாந்தாயி, வேற சிஸ்டர வரச் சொல்லு" என்றார், பாவம், கடிந்துகூட அல்ல. மாணவிக்குப் பாடம், நோயாளிக்குப் பாடம், பார்க்க வந்த உறவினருக்குப் பாடம். ஒரு சம்பளத்துக்கு மூன்று பாடம் நடத்தும் உழைப்பு அம்மையாருடையது.

இவ்வளவு செம்மையாகப் போய்க்கொண்டிருந்த கல்வியில்தான் அந்தக் குற்றம் நடந்தது. குற்றவாளி, அதே வார்டின் இரவுப் பணிச் செவிலியர் ஒருவர். கல்லூரிக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பாடம் சொல்லித்தர அவருக்குச் சம்பளமும் இல்லை, சான்றிதழும் இல்லை. தலைக்குமேல் வேலை. இருந்தும் இரவுப் பணிக்கு வந்த அந்தப் பெண் மருந்து அறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, காரணம் விசாரிக்கும் அளவுக்கு அத்துமீறினார். பிறகு அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போய் டிரிப் ஸ்டாண்டின் அடியில் நிறுத்தினார்.

"ஐந்நூற இருபதால பெருக்கு பாப்பா. பத்தாயிரம் சொட்டா? நாலு மணி நேரம்னா இருநூத்தி நாப்பது நிமிஷம். வகு. நாப்பத்திரண்டுன்னு வச்சுக்கோ. நிமிஷம் பூரா நின்னு எண்ண நமக்கு நேரம் இருக்காது. பதினஞ்சு செகண்டுக்குப் பத்து, பத்தரை. இந்தா, என் வாட்சப் பாரு, நீ எண்ணு."

அவள் எண்ணினாள். பதினான்கு வந்தது. ரோலரைத் திருகினாள். எட்டு வந்தது. மறுபடி திருகினாள்.

"தப்பா வந்தா திரும்ப எண்ணு, அதுக்கென்ன. நான் பக்கத்துலதான நிக்கறேன்."

இப்படி ஒரு வாக்கியத்தை இக்கல்லூரியின் நான்கு மாடிகளிலும் யாரும் எக்காலத்திலும் உச்சரித்ததில்லை. அத்தனை கட்டுக்கோப்பை அந்த அம்மாள் ஒரு நொடியில் சிதைத்தார். தவறு செய்யலாம், திருத்திக்கொள்ளலாம், திருத்தும்வரை ஒருவர் அருகில் நிற்பார் என்னும் ஆபத்தான எண்ணத்தை ஒரு பிஞ்சு மனத்தில் விதைத்தார். போதாக்குறைக்குத் தம் டம்ளர் டீயில் பாதியை வேறு ஊற்றிக் கொடுத்து, "ஃபர்ஸ்ட் இயர்ல நானும் வார்டுல மயக்கம் போட்டு விழுந்தவதான்" என்று சொல்லி, மேலோர் என்றால் பிறக்கும்போதே எல்லாம் தெரிந்து பிறந்தவர்கள் என்னும் புனித நம்பிக்கையையும் குலைத்தார். ஐந்து நிமிடத்தில், ஒரு கைக்கடிகாரத்தைக் கொண்டு, ஆண்டுக் கட்டணம் வாங்கும் நிறுவனம் ஒரு பருவம் முழுக்கக் கட்டிக்காத்த அறியாமையைக் களைந்துவிட்டார். அந்தப் பெண் இன்று கண்ணை மூடிக்கொண்டு சொட்டு எண்ணுகிறாள். இந்தச் சேதத்துக்கு யார் பொறுப்பேற்பது?

அவளுடைய மூத்த மாணவி ஒருத்தியும் உடந்தை. உயிர்வேதியியலில் தான் ஒருமுறை அரியர் வைத்துத் தேறிய பெண் அவள். தன் நோட்டில் ஆங்கிலச் சொல்லுக்கு மேல் பென்சிலால் தமிழில் பொருள் எழுதி வைத்திருந்தாள். அதை ஜெராக்ஸ் எடுத்து, இரவு படிப்பு நேரத்தில் ஜூனியர்கள் ஐந்தாறு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு பாடம் சொல்லியிருக்கிறாள். விடுதிக் காப்பாளர் அம்மையார் உரிய நேரத்தில் கண்டுபிடித்தார். "சீனியர் ஜூனியர் ரூம்ல என்ன வேலை?" என்று விசாரித்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி, அபராதமும் விதித்தார். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருவதால், அபராதங்கள் போய்ச் சேர ஒரு வழி ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது. ஒருத்திக்கொருத்தி கைகொடுக்கும் இந்த நோய் பரவாமல் தடுத்த அம்மையாரின் தொற்றுக்கட்டுப்பாட்டுத் திறம், மூன்றாம் பருவத்துப் பாடத்தில் சேர்க்கத் தக்கது.

மனநலத்திலும் இக்கல்லூரி பிறருக்கு வழிகாட்டி. ஆலோசனை அறை என்று பலகை மாட்டிய அறை ஒன்று தரைத்தளத்தில் உண்டு. பழைய ரெக்கார்டு நோட்டுகளும் உடைந்த நாற்காலிகளும் அங்கே அடைக்கலம் பெற்றிருக்கின்றன. மனிதர்கள் யாரும் தொல்லை செய்யாத ஏகாந்தம். மன உளைச்சல் என்றால் எந்நேரமும் அழைக்கலாம் என்று 14416 என்ற டெலிமனஸ் எண்ணை அச்சிட்ட சுவரொட்டி, விடுதி அறிவிப்புப் பலகையில் நேர்த்தியாக ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை அழைக்கத் தேவையான கைபேசிகள் அனைத்தும் காப்பாளர் அம்மையாரின் இரும்பு அலமாரியில், ஒவ்வொன்றும் பெயர் எழுதிய கவரில், ஞாயிற்றுக்கிழமை வரை பத்திரமாக உறங்குகின்றன. எண் ஓரிடம், கருவி ஓரிடம் என்று பிரித்து வைத்த தொலைநோக்கால் அரசுத் தொலைபேசி இணைப்புகளின் நெரிசல் பெருமளவு குறைந்திருக்க வேண்டும்.

மதிப்பெண் என்னும் செங்கோலை இவர்கள் ஏந்தும் அழகே அழகு. எழுத்துத் தேர்வில் எழுபத்தைந்து பல்கலைக்கழகத்தின் கையில். இருபத்தைந்து இன்டர்னல், கல்லூரியின் கையில். எங்கே யார் தடுமாறுகிறாள் என்று முன்கூட்டியே கண்டு தாங்குவதற்காக ஏற்பட்ட இருபத்தைந்து அது என்று சிலர் தவறாக எண்ணுகிறார்கள். யார் வாய் பேசினாள், யார் கேள்வி கேட்டாள், யாருடைய அப்பா அலுவலகத்தில் குரல் உயர்த்தினார் என்பதையெல்லாம் மறக்காமல் குறித்து வைக்கும் நினைவுப் பேழை அது. காய்ச்சலில் படுத்தவளுக்கு வருகைப் பதிவு எண்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், இறங்கும்போது ஒருவரும் சொல்வதில்லை. ஹால் டிக்கெட் வாங்கப் போகும் அன்று சொல்கிறார்கள். மூன்று மாதம் கவலைப்படவிடாமல் காத்து, ஒரே நாளில் மொத்தமாகக் கொடுக்கும் பெருந்தன்மை!

இரண்டு பாடம் போய்விட்டால் பெற்றோரை வரச் சொல்லி உத்தரவு. நூறு நாள் வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, வெள்ளை வேட்டியில் மடிப்புக் கலையாமல் வந்து நிற்கிறார் அப்பா. முதல்வர் அம்மையாரின் அறை வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார். அம்மையார் உட்காரச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்துவதில்லை. "உங்க பொண்ணுக்குப் படிப்புல இண்ட்ரஸ்ட் இல்லை" என்று தெளிவாக எடுத்துரைக்கிறார். "எந்த இடத்துல புரியலன்னு யாராச்சும் கேட்டீங்களா அம்மா?" என்று அந்த மனிதர் கேட்டது உண்மையில் பண்பாடற்ற செயல். அம்மையார் அதைப் பொருட்படுத்தாமல் மணியடித்து அடுத்தவரை அழைத்தது பொறுமையின் சிகரம். திரும்பும் வழியில் பஸ் நிலையத்தில் மகளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. 'நன்றாகப் படிக்கவும்' என்று சொல்லக்கூட அவருக்குத் தெரியவில்லை. கல்வியறிவு இல்லாதவர்.

இத்தனை அன்பையும் மீறி, "என்னால முடியல, நான் நின்னுக்கறேன்" என்று சில பெண்கள் நன்றி மறந்து பேசுகிறார்கள். அப்போதுதான் கல்லூரியின் பாசம் கரைபுரள்கிறது. மூலச் சான்றிதழ்கள், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் சாதிச் சான்றும் மாற்றுச் சான்றும், அத்தனையும் கல்லூரி தன் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறது. போவதாக இருந்தால் மிச்சமுள்ள ஆண்டுகளின் கட்டணத்தை முழுதும் வைத்துவிட்டுப் போ என்கிறது. இருந்தபோது ஒரு வார்த்தை கேட்காதவர்கள், போகும்போது பிரிவு தாளாமல் இப்படிக் கதறுவதைக் கண்டால் கல்லும் கரையும்.

ஆயினும் சில அபாயங்களைப் பற்றி இந்தப் பெருந்தகைகளை எச்சரிக்காமல் இருப்பது நன்றிகெட்டதனம். வாரம் ஒரு மணி நேரம், ஆசிரியர் ஒருவர் தம் பத்து மாணவியரோடு பதிவேடு இல்லாமல் உட்கார்ந்து பேசும் வழக்கம் தப்பித்தவறியும் நுழைந்துவிடக்கூடாது. முதல் உள்தேர்வில் நாற்பதுக்குக் கீழே எடுத்தவளை அந்த வாரமே அழைத்து, எந்த அதிகாரத்தில் தடுக்கினாள் என்று கேட்கும் பழக்கமும் தொற்றக்கூடும். செய்முறைக் கூடத்தின் சாவியை மாலை ஆறு மணி வரை ஆணியில் மாட்டி வைத்தால் பொம்மைகளின் பளபளப்பு என்ன ஆவது? மூத்த மாணவியர் பாடம் சொல்லித் தருவதை அனுமதித்து, அதைப் பாராட்டியும் விட்டால், அபராதப் புத்தகத்தை எதைக் கொண்டு நிரப்புவது? எல்லாவற்றையும் விடக் கொடியது, அந்த இரவுப் பணிச் செவிலியரைப் போன்றவர்களுக்கு மதிப்பூதியமும் நேரமும் ஒதுக்கி, வார்டிலேயே மாணவியருக்குத் துணையாக நியமிக்கும் யோசனை. மற்ற நாடுகளில் பிரிசெப்டர் என்ற பெயரில் இந்தக் கேடு வேரூன்றிவிட்டதாகக் கேள்வி. இவை நுழைந்தால் பெண்கள் அச்சமின்றிப் படிப்பார்கள், அச்சமின்றிக் கேட்பார்கள், தாத்தாவின் கையில் நரம்பை முதல் தடவையிலேயே பிடித்துவிடுவார்கள். பிறகு ஒழுக்கம் எங்கே நிற்கும்?

நல்லவேளையாக அப்படி எதுவும் நடக்கும் அறிகுறி இல்லை. நெடுஞ்சாலைத் திருப்பத்தில் இப்போது புதிய பேனர் ஒன்று எழுந்திருக்கிறது. பட்டம் பெற்று வெளிநாட்டு மருத்துவமனையில் பணி கிடைத்த மாணவி, 'எங்கள் கல்லூரியின் உருவாக்கம்' என்ற வாசகத்தோடு வெள்ளைச் சீருடையில் சிரிக்கிறாள். சொட்டு எண்ணத் தெரியாமல் நின்ற அதே பெண். வலப்புறம் தாளாளர் ஐயா, இடப்புறம் முதல்வர் அம்மையார், கீழே வட்டத்துக்குள் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். இரவுப் பணிச் செவிலியரின் படமும், பென்சில் நோட்டுக்காரியின் படமும் இல்லையே என்று யாரும் குறை சொல்லவேண்டாம். தாளாளர் ஐயாவின் திருவுருவத்தைச் சிறிதாக்கினால் ஒழிய அங்கே இடமில்லை.